கருவி பேசத் தயார், புத்தகம் தயாரா? வாசிக்கத் திணறும் மாணவர்களுக்கான உதவித் தொழில்நுட்பம்

பொதுத்தேர்வு நெருங்கும்போது நாளிதழ்களில் ஒரு வரி தவறாமல் வரும்: மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குச் சொல்வதை எழுதுபவர் வசதி, கூடுதலாக ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு. பார்வையற்ற மாணவர்களுக்கு இது ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அதே பட்டியலில் வாசிப்புக் குறைபாட்டைக் குறிக்கும் டிஸ்லெக்சியா என்ற சொல்லைப் பார்த்ததும்தான் கேள்விகள் கிளம்புகின்றன. கண் தெரிகிறது, கை சரியாக இருக்கிறது, வாய் நன்றாகவே பேசுகிறது. பிறகு எதற்குச் சலுகை? இப்போது இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. பாடத்தைச் செல்பேசியே படித்துக்காட்டும், சொன்னதை அதுவே எழுதித்தரும் என்றால் பிள்ளை எதைத்தான் கற்றுக்கொள்ளும்?

விடை தேட, வாசிப்பு என்ற செயலைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிறகு தமிழ் எழுத்தைப் பார்க்க வேண்டும். கருவிகள் அதற்கடுத்துத்தான்.

வாசிப்புக்குள் இரண்டு வேலைகள்

"படிக்கிறான்" என்று ஒற்றைச் சொல்லில் சொல்லிவிடுகிறோம். உள்ளே நடப்பவை இரண்டு.

1. எழுத்துக்கூட்டுதல்: தாளில் உள்ள வடிவங்களை ஒலிகளாக மாற்றி, ஒலிகளைச் சேர்த்து, இன்ன சொல் என்று அடையாளம் காண்பது.
2. பொருள்கொள்ளுதல்: அந்தச் சொற்கள் சொல்வது என்னவென்று விளங்கிக்கொள்வது. காதால் கேட்கும்போதும் இதே வேலைதான் நடக்கிறது.

1986-இல் ஃபிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சின்னச் சமன்பாடாக எழுதினார்கள். வாசித்துப் புரிதல் = எழுத்துக்கூட்டும் திறன் × கேட்டுப் புரியும் திறன். கூட்டல் குறி போடாமல் பெருக்கல் குறி போட்டதில்தான் விஷயம் இருக்கிறது. ஒன்று பூச்சியத்தை நெருங்கினால், மற்றது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விடை பூச்சியத்தை நெருங்கிவிடும். கதை சொன்னால் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டுத் துளைக்கும் பிள்ளை, அதே கதையைப் புத்தகத்தில் கொடுத்தால் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

மருத்துவ உலகில் இது பதிவாகி நூறாண்டுக்கு மேல் ஆகிறது. 1896 நவம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். கெட்டிக்காரன், கணக்கு பிடிக்கும், பார்வையில் குறையில்லை. ஆனால் பெர்சி என்ற தன் பெயரையே எழுத்து மாற்றி 'ப்ரெசி' என்று எழுதினான். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் முதல் ஆளாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மார்கன் குறித்துவைத்தார். இன்றைய உதவித் தொழில்நுட்பத்தின் அடிப்படை முழுவதும் அந்த ஆசிரியர் சொன்னதில் அடங்கியிருக்கிறது. அந்தப் பையனுக்குப் பாடத்தை ஓயாமல் வாய்மொழியாகச் சொல்ல 1896-இல் ஆள் இல்லை. இப்போது அந்த ஆள் சட்டைப்பையில் இருக்கிறார்.

வாசிக்கவோ எழுதவோ திணறும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே வகையினர் இல்லை. மூன்று நிலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1. டிஸ்லெக்சியா. போதிய கற்பித்தல் கிடைத்தும், அறிவுத்திறன் சரியாக இருந்தும், எழுத்தை ஒலியோடு இணைக்கும் வேலை மட்டும் சரளமாக நடக்காத நிலை. மூளை மொழியைக் கையாளும் விதத்தில் உள்ள வேறுபாடு இது. கண்ணில் கோளாறு இல்லை.
2. டிஸ்கிராஃபியா. விடை தெரியும், வாயால் சொல்ல வரும். தாளில் இறக்கும்போது எழுத்து உருக்குலையும், சொற்கள் விடுபடும், அரைப் பக்கத்தில் கை ஓய்ந்துவிடும்.
3. வாசிக்கக் கற்கும் வாய்ப்பே சரியாக அமையாத நிலை. கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்த காலம் இந்தக் குழுவைப் பெரிதாக்கியது. தமிழக அரசு 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியும் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் முதன்மையாக இந்தக் குழுவுக்கானவை. இவர்களுக்கு முதலில் வேண்டியது ஆசிரியரின் நேரம்.

வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். வீட்டில் யாரும் தானாக முடிவுசெய்துவிடக் கூடாது. பிரித்துச் சொல்வது பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளரின் வேலை.

இந்தப் பின்னணியில் உதவித் தொழில்நுட்பத்தை இப்படி வரையறுக்கலாம்: தடைபட்டிருக்கும் ஒரு வேலையை வேறு வழியில் முடித்துக்கொடுத்து, தடைபடாத வேலைகள் நடக்கவிடும் எந்தக் கருவியும் உதவித் தொழில்நுட்பமே. டிஸ்லெக்சியாவை அது குணப்படுத்தாது. எழுத்துக்கூட்டும் பயிற்சிக்கு மாற்றாகவும் ஆகாது. அந்தப் பயிற்சி தனியாகத் தொடர வேண்டும். ஆனால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டாம் வகுப்பு அளவில்தான் எழுத்துக்கூட்ட வருகிறது என்பதற்காக, ஏழாம் வகுப்பு அறிவியலையும் நிறுத்திவைத்தால், பயிற்சி முடிவதற்குள் பாடத்தில் நான்கைந்து வருடம் பின்தங்கிவிடுவாள். கருவி அந்த இடைவெளிக்கானது.

"எழுதியிருப்பதை அப்படியே படிக்கிற மொழிதானே?"

டிஸ்லெக்சியா ஆங்கிலத்தின் கோணல் எழுத்துமுறையால் வருவது, தமிழில் அந்தத் தொல்லை இல்லை என்ற எண்ணம் ஆசிரியர்களிடமும் உண்டு. இதில் பாதி உண்மை. 2001-இல் சயன்ஸ் இதழில் ஓர் ஒப்பீட்டு ஆய்வு வந்தது. ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலியன் மொழிகளில் டிஸ்லெக்சியா உள்ளவர்களை வாசிக்கச் சொல்லிப் பார்த்தார்கள். ஒலிக்கும் எழுத்துக்கும் பொருத்தம் அதிகமுள்ள இத்தாலியனில் பிழைகள் குறைவு. ஆனால் மூளையின் இடப்பக்கத்தில் ஒரே பகுதியில்தான் மூன்று மொழியினருக்கும் செயல்பாடு குறைந்து காணப்பட்டது. அடிப்படை ஒன்றுதான், வெளித்தோற்றம் மொழிக்கு மொழி மாறுகிறது.

எழுத்துமுறை ஒழுங்காக உள்ள மொழிகளில் இந்தக் குறை பிழையாக வெளிப்படுவதைவிட வேகக்குறைவாக வெளிப்படும். தமிழில் பிள்ளை திக்கித் திக்கிச் சரியாகவே படித்துவிடலாம். பத்தியின் கடைசி வரிக்கு வருவதற்குள் முதல் வரி மறந்திருக்கும். படிக்கத் தெரிகிறது, ஆனால் சோம்பேறி என்று பெயர் வாங்குவது இந்தப் பிள்ளைகள்தான்.

தமிழ் எழுத்துக்கென்றே சில முடிச்சுகளும் உண்டு.

1. எண்ணிக்கை. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், ஆக 247. பெரும்பகுதி ஒழுங்கானது, கால், கொம்பு, விசிறி தெரிந்தால் கட்டிவிடலாம். உகர, ஊகார வரிசைகள் மட்டும் அடங்குவதில்லை. கு, சு, து, மு, ஒவ்வொன்றுக்கும் தனி வால். 1978 எழுத்துச் சீர்திருத்தம் ணை, லை, றா, னோ போன்ற 13 எழுத்துகளின் பழைய வடிவங்களை ஒழித்துப் பிள்ளைகளின் சுமையைக் குறைத்தது. உகர வரிசை தப்பித்துக்கொண்டது.

2. கொம்பு. "கெ" என்று எழுதும்போது கண்ணில் முதலில் படுவது கொம்பு. ஒலியில் அது பின்னால் வருகிறது. "கொ" இன்னும் மோசம்: முன்னால் கொம்பு, பின்னால் கால், நடுவில் க. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகக் கூட்டும் பிள்ளைக்கு இது வரிசை மாறிய புதிர்.

3. ஒரே எழுத்து, பல ஒலி. பழத்தின் ப வேறு, பயத்தின் ப வேறு. குடத்தின் கு வேறு, குணத்தின் கு வேறு. சொல்லை முன்பே தெரிந்திருந்தால்தான் சரியாக ஒலிக்க முடியும்.

4. ஒரே ஒலி, பல எழுத்து. பலருடைய பேச்சில் ன, ண, ந ஒன்றாகும், ர, ற ஒன்றாகும். ல, ள, ழ-வும் இதில் சேர்ந்துவிடும். வாசிக்கும்போது தொல்லையில்லை, எழுதும்போது உயிரை வாங்கும்.

5. பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம். வீட்டில் "வந்துட்டிருந்தாங்க" என்று கேட்ட பிள்ளை புத்தகத்தில் "வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்" என்ற ஒற்றைச் சொல்லைச் சந்திக்கிறது. எங்கே மூச்சு விடுவது என்றுகூட அதற்குத் தெரியாது.

கடைசி நான்கையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கருவிகளும் அங்கேதான் தடுக்கி விழுகின்றன.

எந்தத் தடைக்கு எந்தக் கருவி

1. உரையை ஒலியாக்குதல்

திரையில் உள்ள எழுத்தைக் கணினியோ செல்பேசியோ குரலில் படித்துக்காட்டும். எழுத்துக்கூட்டும் வேலையைக் கருவி எடுத்துக்கொள்கிறது, பொருள்கொள்ளும் வேலை பிள்ளையிடமே இருக்கிறது. பெருக்கல் சமன்பாட்டில் பூச்சியமாக இருந்த எண்ணை மாற்றிவைக்கிறோம், அவ்வளவுதான். வாசிப்புக் குறைபாடு உள்ள மாணவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2018-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, இப்படிக் கேட்டுப் படிப்பதால் புரிதல் கூடுவதைக் காட்டியது. பயன் பிரமாதமானதில்லை, மிதமானது. ஆனால் உண்மையானது.

வாங்கும்போது பலர் குரல் இனிமையாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அதைவிட முக்கியம், படிக்கும் சொல்லைத் திரையில் நிறமிட்டுக் காட்டுகிறதா என்பது. கண் எழுத்தைத் தொடரக் காது ஒலியைத் தொடர்ந்தால் எழுத்துப் பழக்கமும் கூடவே வளர வாய்ப்பிருக்கிறது. வெறும் ஒலிப்பதிவில் அது இல்லை. வேகத்தைக் குறைக்க முடிகிறதா, விட்ட இடத்திலிருந்து தொடர முடிகிறதா என்பவை அடுத்து.

தமிழில் இந்தத் தொழில்நுட்பம் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நன்றாகவே முன்னேறியிருக்கிறது. சென்னை ஐஐடியில் ஹேமா மூர்த்தியின் குழு இந்திய மொழிகளுக்கான ஒலியாக்கத்தில் நீண்டகாலம் உழைத்திருக்கிறது. சாதாரண ஆண்ட்ராய்டு செல்பேசியிலேயே தமிழ்க் குரல் இலவசமாகக் கிடைக்கிறது. சொல்லின் தொடக்கத்தில் வல்லினம் கடினமாகவும், மெல்லினத்தை அடுத்து மென்மையாகவும் ஒலிக்கும் என்ற பொதுவிதியை இந்தக் குரல்கள் கையாள்கின்றன. விதிக்கு அடங்காத வடசொல்லிலும் ஆங்கிலச் சொல்லிலும்தான் அவ்வப்போது சறுக்கல்.

2. குரல்வழித் தட்டச்சு

சொல்லச் சொல்ல எழுதும் கருவி. கூகுள் 2017 ஆகஸ்டில் தமிழ் உட்பட எட்டு இந்திய மொழிகளை இதில் சேர்த்தது. டிஸ்கிராஃபியா உள்ள பிள்ளைக்கு இதுதான் முதல் மருந்து என்று தோன்றும். நடைமுறை அவ்வளவு எளிதாக இல்லை.

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மழை பற்றிக் கட்டுரை சொல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் வாயில் வருவது, "நேத்து சாயங்காலம் செம மழ பேஞ்சுச்சு, எங்க தெருவெல்லாம் தண்ணி." தாளில் வேண்டியது, "நேற்று மாலை பலத்த மழை பெய்தது. எங்கள் தெரு முழுவதும் தண்ணீர் தேங்கியது." கருவி முன்னதைக் கேட்டுச் சில சொற்களை அப்படியே எழுதும், சிலவற்றைத் தனக்குத் தெரிந்த வேறு சொல்லாக மாற்றும், முற்றுப்புள்ளி பெரும்பாலும் போடாது. அதைத் திருத்தப் பையன் திரையைப் படிக்க வேண்டும். படிக்க முடியாததால்தானே இந்தக் கருவிக்கே வந்தான்?

இதற்கு ஒரு சுற்றுவழி உண்டு. வேலையை இரண்டாகப் பிரிப்பது. முதலில் சொந்தப் பேச்சில் முழுவதையும் ஒலிப்பதிவு செய்யட்டும்; கட்டுரையின் கருத்தும் வரிசையும் அப்போதே அமைந்துவிடும். பிறகு அதை வாக்கியம் வாக்கியமாகக் கேட்டு, மேடையில் பேசுவதுபோலப் புத்தகத் தமிழில் திருப்பிச் சொல்லித் தட்டச்சாக்கலாம். கடைசியில் முதல் கருவியைக் கொண்டு படித்துக்காட்டச் சொன்னால், விடுபட்ட சொற்கள் காதில் உறைக்கும். இதற்குப் பழக்கம் வேண்டும். ஒரு வாரத்தில் வராது.

3. பிழைதிருத்தியும் சொல் ஊகமும்

இரண்டு எழுத்தைத் தட்டியதும் முழுச் சொல்லைக் காட்டுவது சொல் ஊகம். ஆங்கிலத்தில் இது நன்றாக வேலை செய்யும். தமிழில் ஒரே வினைச்சொல்லுக்கு நூற்றுக்கணக்கான வடிவங்கள் என்பதால் ஊகம் வேர்ச்சொல்லோடு நின்றுவிடுகிறது. விகுதியை நாம்தான் ஒட்ட வேண்டும். பிழைதிருத்திக்கு வாணி, சந்திப்பிழைக்கு நாவி என்று இணையத்தில் தமிழுக்கென்றே கருவிகள் உண்டு. ஆனால் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை செய்யும் பிழைகளில் பல, பிழையாகவே தெரியாதவை. 'மணம்' வேண்டிய இடத்தில் 'மனம்', 'பள்ளி' வேண்டிய இடத்தில் 'பல்லி'. இரண்டுமே அகராதியில் இருக்கும் சொற்கள். படித்துக்காட்டச் சொன்னாலும் மனமும் மணமும் பலர் காதுக்கு ஒன்றுதான். இங்கே இன்னும் மனித ஆசிரியர்தான் வேண்டும்.

4. எழுத்துணரி

அச்சிட்ட பக்கத்தைப் படமெடுத்தால் அதிலுள்ள எழுத்தை உரையாக மாற்றித்தரும். பாடப்புத்தகத்துக்கும் ஒலியாக்கும் கருவிக்கும் இடையே உள்ள பாலம் இது. தெளிவான அச்சில் தமிழும் இப்போது நன்றாக வருகிறது. மங்கிய நகலில் புள்ளி காணாமல் போகும், "கண்" "கண" ஆகும். கால் 'ர' ஆகும். ஆசிரியரின் கையெழுத்துக் குறிப்புகளில் நம்பக் கூடாது. கரும்பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதத் திணறும் பிள்ளைக்கு, அதைப் படமெடுத்துக்கொள்ள அனுமதிப்பதே பெரிய உதவி. அதற்குச் செயலிகூட வேண்டாம், ஆசிரியரின் சம்மதம் போதும்.

மேலே தமிழ், உள்ளே வேறு

உதவித் தொழில்நுட்பம் என்றதும் எந்தச் செயலி, என்ன விலை என்றுதான் பேச்சு போகிறது. தமிழைப் பொறுத்தவரை கருவி பெரிய பிரச்சினையாக இல்லை. கருவிக்குக் கொடுக்கும் உரைதான் பிரச்சினை.

கணினித் திரையில் "அம்மா" என்று தெரிவதால் உள்ளேயும் அம்மா இருப்பதாகப் பொருளில்லை. ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் உலகப் பொதுக் குறியாக்கமான யூனிகோடு வழக்கத்துக்கு வரும்முன் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து ஒப்பேற்றின. இலங்கையிலும் இங்கும் புழங்கிய பாமினி, இங்கே அலுவலகங்களில் ஊறிப்போன வானவில் எல்லாம் அந்த வகை. பாமினியில் தட்டிய "அம்மா"வை எழுத்துருவை நீக்கிப் பார்த்தால் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். ஒலியாக்கும் கருவி உருவத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். பிள்ளைக்குக் கேட்பது உளறல்.

தமிழக அரசு 2010 ஜூனில் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. யூனிகோடு செயல்படாத இடங்களுக்கு டேஸ்-16 என்ற குறியாக்கத்தையும் சேர்த்தது. ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்றும் பல பள்ளிகளில் வினாத்தாள், வினாவங்கி, அலகுத் தேர்வுத் தாள் எல்லாம் பழைய எழுத்துருவிலேயே தட்டப்படுகின்றன. தட்டுபவருக்கு அந்த விசைப்பலகைதான் கைவந்தது; அச்சில் பார்க்க வேறுபாடும் தெரியாது.

யூனிகோடில் தட்டினாலும் கதை முடிவதில்லை. இரண்டு உதாரணங்கள் போதும்.

1. பிடிஎஃப் கோப்பு எழுத்தைவிட உருவத்துக்கு முக்கியத்துவம் தருவது. கொம்பு, க, கால் என்று வரைந்த வரிசையிலேயே சேமித்திருந்தால், நகலெடுக்கும்போது "கொடுத்தான்" என்பது "ெகாடுத்தான்" என்று வெளிவரும். கொம்பு ஒட்ட இடமில்லாமல் அந்தரத்தில் நிற்கும். கருவி அந்தச் சொல்லில் திணறும் அல்லது தாண்டிப் போகும். எழுத்துக்கூட்டும் பிள்ளை கொம்பில் தடுமாறுவதும் கருவி கொம்பில் தடுமாறுவதும் ஒரே இடத்தில் என்பது வேடிக்கைதான்.

2. "கௌரி" என்பதையும் "கெளரி" என்பதையும் பாருங்கள். முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி. இரண்டாவதில் கெ-வை அடுத்து ளகரம். கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்று. அச்சிலும் இணையத்திலும் இரண்டாவது ஏராளம். கருவி அதைக் 'கெ-ள-ரி' என்று மூன்றெழுத்தாகப் படிக்கும். பௌர்ணமிக்கும் இதே கதிதான்.

திறமையாக வாசிப்பவர் இந்தப் பிழைகளைக் கவனிக்கவே மாட்டார். கருவியை நம்பி வாசிப்பவருக்கு ஒவ்வொன்றும் மேடு.

வழி இல்லாமல் இல்லை. சட்டம் இந்த விஷயத்தில் தாராளமாகவே இருக்கிறது. 2012 பதிப்புரிமைத் திருத்தம், மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தக்கூடிய வடிவத்துக்கு ஒரு நூலை மாற்ற, பதிப்பாளரிடம் தனியாக அனுமதி கேட்க வேண்டியதில்லை என்றது. அச்சு வடிவத்தை வாசிக்க முடியாதோருக்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. "அச்சு வாசிக்க முடியாதோர்" என்பதில் பார்வையற்றவர்களோடு வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களும் அடக்கம். 2016-இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் இந்த ஏற்பாட்டின் பயன். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளின் பெற்றோர் பலர் அது பார்வையற்றோருக்கு மட்டும் என்று நினைத்து எட்டிப் பார்ப்பதில்லை.

பணத்தை விழுங்கும் இரண்டு பொருள்கள்

டிஸ்லெக்சியாவுக்கென்றே வடிவமைத்ததாகச் சொல்லும் எழுத்துருக்கள், நிறக் கண்ணாடி அல்லது நிறத் தாள். முதலாவது லத்தீன் எழுத்துகளுக்கானது. ஆங்கிலத்தில் நடந்த சோதனைகளிலேயே வாசிப்பு வேகமோ துல்லியமோ குறிப்பிடும்படி கூடவில்லை. எழுத்து இடைவெளியையும் வரி இடைவெளியையும் கொஞ்சம் கூட்டினால் கிடைக்கும் வசதியைத்தான் எழுத்துருவின் மகிமையாகக் காட்டுகிறார்கள். தமிழுக்கும் அதுவே போதும்: பெரிய எழுத்து, தாராளமான இடைவெளி, குறுகிய வரி. நிறக் கண்ணாடியைப் பற்றி அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவர் சங்கமும் கண் மருத்துவர் அமைப்புகளும் 2009-லேயே கூட்டாக ஆதாரமில்லை என்று சொல்லிவிட்டன. சிக்கல் கண்ணில் இல்லாதபோது கண்ணுக்கு எதை மாட்டி என்ன பயன்?

தேர்வு அறையில் எது நியாயம்

1995-இன் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இருந்தன. கற்றல் குறைபாட்டுக்கு அதில் இடமில்லை. 2016-இன் புதிய சட்டம் பட்டியலை 21 ஆக்கி, டிஸ்லெக்சியா, டிஸ்கிராஃபியா உள்ளிட்ட குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளையும் சேர்த்தது. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழி விலக்கு ஆகியவை 17-ஆம் பிரிவில் பெயர் சொல்லியே இடம்பெற்றுள்ளன. சலுகை என்ற சொல் இங்கே பொருந்தாது. சட்டம் விதித்த கடமை இது.

படிப்படியாக இப்படி நகர்ந்தது:

1. மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல்கள் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத ஈடுநேரம் தரச் சொல்லின. மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கு இதுதான். இவை 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்களுக்கானவை.
2. 2021 பிப்ரவரியில், எழுதும்போது கை இறுகிப்போகும் குறை உள்ள குடிமைப் பணித் தேர்வர் ஒருவரின் வழக்கில், எழுதுபவர் வசதியை 40 சதவீதக் கோட்டுக்குள் அடைக்க முடியாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதையொட்டி, 40-க்குக் கீழ் உள்ளவர்களுக்கான தனி வழிகாட்டுதல்கள் 2022 ஆகஸ்டில் வந்தன.
3. 2021 நீட் தேர்வில் டிஸ்கிராஃபியா உள்ள மாணவி ஒருவருக்குச் சேர வேண்டிய ஒரு மணி நேரத்தைத் தேர்வு மையம் தரவில்லை. நவம்பரில் உச்சநீதிமன்றம் அதைத் தவறென்றது. மறுதேர்வுக்கு உத்தரவிடாமல், இழைத்த அநீதியைச் சரிசெய்ய வழி காணுமாறு தேர்வு முகமைக்குச் சொன்னது. சட்டம் இருப்பதும் தேர்வு அறையில் இருக்கும் கண்காணிப்பாளருக்குச் சட்டம் தெரிந்திருப்பதும் வேறு வேறு என்று அந்த வழக்கு காட்டியது.

மற்ற பிள்ளைகளுக்கு இது அநீதி இல்லையா என்ற கேள்விக்கு வருவோம். சோதித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: இந்த வினா எதை அளக்கிறது? உப்புச் சத்தியாகிரகத்தின் காரணங்களைக் கேட்கும் வினா வரலாற்று அறிவை அளக்கிறது. வினாவைக் காதால் கேட்டாலும் கண்ணால் பார்த்தாலும் காரணம் தெரிந்தவர்தான் எழுத முடியும். அங்கே படித்துக்காட்டுவது நியாயமே. தமிழ்த்தாளில் ஒற்றுப்பிழை நீக்கச் சொல்லும் வினா எழுத்துத் திறனை அளக்கிறது. அங்கே பிழைதிருத்தியைக் கொடுத்தால் அளக்க ஒன்றும் மிஞ்சாது. ஆகவே ஒரே மாணவருக்கு ஒரே நாளில் ஒரு பகுதிக்குக் கருவி சரி, இன்னொரு பகுதிக்குத் தவறு என்று வரலாம். "மொத்தமாகக் கொடு" என்பதும் "மொத்தமாகத் தடுத்துவிடு" என்பதும் யோசிக்கச் சோம்பல்பட்டு எடுக்கும் முடிவுகள்.

மொழிப்பாட விலக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பாரம் குறைகிறது என்று வேகமாக வாங்கிவிடுகிறார்கள். விலக்கு எந்த மொழிக்கு என்பதை யோசித்துக் கேட்க வேண்டும். ஆங்கிலவழிப் பள்ளியில் தமிழை விட்டுவிட்ட பிள்ளை, தான் பேசுகிற மொழியில் படிக்கும் ஒரே வாய்ப்பையும் இழக்கிறது. ஒழுங்கான எழுத்துமுறை அதற்குத் தமிழில்தான் கிடைத்திருக்கும்.

தேர்வுக்குச் சான்றிதழ் வேண்டும். 2018-இல் வந்த மதிப்பீட்டு முறை 8 வயதில் முதல் சான்று, 14-இலும் 18-இலும் மறுமதிப்பீடு என்றது. வீட்டில் பாடத்தைக் கேட்டுப் படிக்க எந்தச் சான்றிதழும் வேண்டாம். சான்றுக்காகக் காத்திருந்து கருவியையும் தள்ளிப்போடுவது பெற்றோர் வழக்கமாகச் செய்யும் தவறு. பத்தாம் வகுப்பு மார்ச் மாதத்தில் முதல்முறையாக எழுதுபவரைச் சந்திக்கும் மாணவருக்கு, அடுத்தவர் கைக்குத் தன் எண்ணத்தை வாக்கியமாகச் சொல்லத் தெரியாது. அதுவும் பழக வேண்டிய திறன். எழுதுபவர் இடத்தில் கணினி இருந்தாலும் இதேதான்.

சிபிஎஸ்இ 2018 முதல் சிறப்புத் தேவை உள்ள மாணவர்களைக் கணினி பயன்படுத்த அனுமதிக்கிறது: விடையைத் தட்டச்சு செய்ய, வினாவைப் பெரிய எழுத்தில் பார்க்க, வினாவைக் காதால் கேட்க. இணைய இணைப்பு கூடாது. நல்ல விதிதான். ஆனால் காதால் கேட்க, வினா கணினிக்குள் உரையாக இருக்க வேண்டும். முத்திரையிட்ட உறையிலிருந்து தாளாக வெளிவரும் வினாத்தாளைக் கணினியால் படிக்க முடியாது. இணையமில்லாமல் தமிழை ஒலியாக்கும் குரல் அந்தக் கணினியில் முன்கூட்டியே நிறுவியிருக்க வேண்டும். வினாத்தாளின் கோப்பு யூனிகோடில் தட்டப்பட்டிருக்க வேண்டும். கொம்பு அந்தரத்தில் நிற்கக் கூடாது. எந்தப் பள்ளிக்கும் இதைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். சென்ற மாத அலகுத் தேர்வுத் தாளின் கோப்பைத் திறந்து, ஒரு வினாவை நகலெடுத்துச் செல்பேசியில் ஒட்டிப் படிக்கச் சொல்லிக் கேட்டால் தெரிந்துவிடும்.